உரிய வழியாக

ஆகஸ்ட் 4

அன்புள்ள தங்கைக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இனி இருக்க மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று வைத்துக்கொள்கிறேன். போன மாதம் போனில் ‘எல்லாரும் நல்லா இருக்கோம்ணா’ என்று சொல்லி நீ வைத்த வேகத்தில் அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. அதனால்தான் கடிதம். இதை நீ நடுவில் வெட்ட முடியாது.

எங்கள் தலைமையாசிரியையைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன். என்னைவிட ஒன்பது வயது இளையவர். பயிற்சிக்கு வந்த காலத்தில் என் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனவர். இன்று எனக்கு லீவு கொடுக்கிறவர். அதை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பெருந்தன்மையாக இருக்கும், மன்னிக்கவில்லை. உன் கல்யாணத்துக்கு நான் எடுத்த சம்பளமில்லா விடுப்பில்தான் பணிமூப்பில் ஓர் இடம் சறுக்கினேன் என்பதையும் கையோடு சொல்லி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளிக்கு மத்திய அரசுப் பணம் வந்தது. மாடிப்படிக்கு அடியில் பந்தும் கயிறும் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, குட்டை மேசையும் ஐந்து நாற்காலியும் போட்டு ‘வாசிப்பு வகுப்பு’ என்று ஆக்கினார்கள். அதற்கென்று தனியாக ஒரு டீச்சர். ஒரு தடவைக்கு ஐந்தே பிள்ளைகள். என் வகுப்பில் ஐம்பதைத் தாண்டுகிறது. போன வாரம் இரண்டு ஆசிரியர்கள் வரவில்லை. மூன்று வகுப்பையும் சேர்த்து மேடம் என் தலையில் கட்டினார். வராந்தாவில் உட்கார வைத்துத் தொண்டை கிழியக் கணக்கு நடத்தினேன். அந்த டீச்சரோ ஐந்து பிள்ளைகளோடு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

“அவங்கள ஒரு பீரியட் இந்தப் பக்கம் அனுப்பக் கூடாதா மேடம்?” என்று கேட்டேன்.

“கூடாது சார்” என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

அந்தப் பணத்தை அனுப்புகிற துறையில்தானே நீ இருக்கிறாய்? இங்கே நடப்பது என்னவென்று உன் ஆட்களை விட்டுக் கேள்.

உன் இருமல் நின்றதா என்று அண்ணி கேட்கிறாள். என் முட்டி அதே முட்டிதான்.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 19
மானியப் பிரிவு, மூன்றாவது மாடி

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமல் போய்விட்டது. அண்ணியிடம் சொல்லுங்கள். உங்கள் முட்டியை டாக்டரிடம் காட்டாமல் எனக்கு எழுதிக்கொண்டிருந்தால் அது எப்படிக் குணமாகும்?

கோபிக்காமல் படியுங்கள். உங்கள் பள்ளி நடக்கிற பணத்தில் பெரும்பங்கு மாநில அரசு போடுவது. அடுத்தது உங்கள் ஊரில் வசூலாகிற வீட்டு வரி. எங்களிடமிருந்து வருவது கொஞ்சம்தான், பத்தில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. வீட்டு வரி குறைவாக வருகிற ஊரில் பள்ளியும் குறைவாகத்தானே இருக்கும்? அந்தக் குறையைக் கொஞ்சமாவது நிரப்பத்தான் இந்தப் பணம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் எங்கே அதிகமோ அங்கே போகும்.

ஒரு நிபந்தனை உண்டு. மாநிலம் செய்ய வேண்டிய வேலைக்கு இதை எடுக்கக் கூடாது. அதற்கு மேல் செய்வதற்குத்தான். அந்த டீச்சரை இன்றைக்கு ஒரு பீரியட் உங்கள் வகுப்புக்கு அனுப்பினால் நாளைக்கு ஒரு வாரம் அனுப்பச் சொல்வார்கள். அடுத்த வருடம் காலியிடத்தை நிரப்பாமலே விட்டுவிடுவார்கள். பிறகு நாங்கள் அனுப்பியது பிள்ளைகளுக்கா, மாநிலத்தின் கஜானாவுக்கா? உங்கள் மேடம் ‘கூடாது’ என்றது அதனால்தான்.

இதற்கு மேல் உங்கள் பள்ளியைப் பற்றி நான் எழுதுவது முறையில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அறைக்குள் நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?

இவர் உங்களை விசாரித்தார்.

அன்புத் தங்கை


செப்டம்பர் 6

அன்புள்ள தங்கைக்கு,

உபதேசம் கிடைத்தது. நானும் நாலு எழுத்துப் படித்தவன் என்பதை நினைவு வைத்துக்கொண்டு எழுதியிருக்கலாம். உன் உடம்பு தேவலை என்றதில் சந்தோஷம்.

போய்ப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், மறைப்பானேன்.

“என்ன சார், செக்கிங்கா?” என்றார் வாசிப்பு டீச்சர்.

“சாக்பீஸ் தீந்துபோச்சு.”

“இங்க போர்டே இல்லியே சார்.”

நிற்கவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் அந்தக் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தேன். என் முட்டி தாடைக்கு வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அங்கே என் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். நான் கடைசி பெஞ்சுக்காரி என்று கூப்பிடுகிறவள். பரீட்சையில் வெறும் பெருக்கல், வகுத்தல் என்றால் போட்டுவிடுவாள். நாலு வரிக் கணக்கு என்றால் வெள்ளைத் தாளைக் கொடுப்பாள். திமிர் என்று நினைத்திருந்தேன்.

அவள் வரிக்கு அடியில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு கடை, அதில் இத்தனை டஜன் பென்சில் என்று ஒரு கணக்கு. வரியின் முடிவுக்குப் போவதற்குள் முதல் பாதி அவளுக்கு மறந்துவிட்டது. டீச்சர் அதையே வாய்விட்டு வாசித்துக் காட்டினார். கேட்டு முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிட்டாள். சரியான விடை.

“ஏம்மா, இதை க்ளாஸ்ல ஏன் சொல்லல?”

“அங்க நீங்க கேக்கல சார். போர்டுல எழுதிப் போட்டுட்டீங்க.”

இந்த ஒன்றை வைத்து உங்கள் துறையைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் உன்னிடம் மறைப்பது சரியில்லை என்று தோன்றியது.

அண்ணிக்குப் பல்வலி. மற்றபடி ஒன்றுமில்லை.

உன் அண்ணன்


செப்டம்பர் 30
பழைய கோப்புப் பிரிவு, தரைத்தளம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தான். அண்ணியின் பல் இப்போது எப்படி? பிடுங்குவதானால் தள்ளிப்போட வேண்டாம்.

இங்கே வேலை அதிகம். இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள். அலுவலகத்துக்கு வேண்டாம்.

கடைசி பெஞ்சுக்காரி பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

தங்கை


அக்டோபர் 28

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று வாரம் கழித்து ஐந்து வரி. தந்தி கொடுத்தால் இதைவிட நீளமாக வரும். சரி, நீ பெரிய அதிகாரி, நான் வாத்தியார். கேட்கக் கூடாது. ஆனாலும் கேட்கிறேன்: மூன்றாவது மாடியில் இருந்தவளைத் தரைத்தளத்துக்கு ஏன் தள்ளினார்கள்? பழைய கோப்பைத் தூசி தட்டவா உன்னை அவ்வளவு படிக்க வைத்தோம்?

முட்டியை அறுத்துத் தைத்தாயிற்று. இரண்டு வாரம் படுக்கை. இப்போது தடியோடு பள்ளிக்குப் போகிறேன். தடி இருப்பதால் வகுப்பு முன்பைவிட அமைதியாக இருக்கிறது.

நான் இல்லாதபோது என் வகுப்பை யார் எடுத்தார்கள் தெரியுமா? மேடமே. அவர் மொழிப் பாடம் படித்தவர். கணக்குக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. திரும்பிப் போன அன்று முன்வரிசைப் பிள்ளைகள் சொன்னார்கள்:

“சார், மேடத்துக்கு நாங்கதான் பின்னம் சொல்லிக் குடுத்தோம்.”

“தப்பா போட்டாங்களா?”

“முதல்ல. அப்புறம் பரவால்ல சார், தேறிடுவாங்க.”

பின்னத்தில் பள்ளியே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் பிள்ளைகள் தெளிவாக இருக்கிறார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் இவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் உண்மை.

நன்றி சொல்லப் போனேன். நன்றி வாயில் வரவில்லை, குறைதான் வந்தது. “ரெண்டு வாரம் இப்படிக் கஷ்டப்பட்டதுக்கு அந்த வாசிப்பு டீச்சரை அனுப்பியிருக்கலாமே மேடம். யாருக்குத் தெரியப் போகுது?”

“அந்தச் சம்பளம் தடுமாறுற பிள்ளைங்களுக்குன்னு வருது சார். அதுல ஒரு பீரியட் எடுத்தேன்னா அந்தப் பிள்ளை பையில கை விட்ட மாதிரி” என்றார். பிறகு, “உக்காருங்க சார், கால் வலிக்கப் போகுது” என்று தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அந்த நாற்காலியில் உட்கார நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. உட்காரவில்லை.

அண்ணி பல்லைப் பிடுங்கிவிட்டாள். பேச்சு குறையும் என்று எதிர்பார்த்தேன்.

உன் அண்ணன்


நவம்பர் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

தையல் பிரித்தாயிற்றா? தடியை விட அவசரப்பட வேண்டாம்.

தரைத்தளம் நானே கேட்டு வாங்கியது. உங்களுக்கு மட்டும்தான் முட்டியா? எனக்கும் மாடி ஏற முடியவில்லை. லிஃப்ட் வேறு பாதி நாள் நின்றுவிடுகிறது. இங்கே ஜன்னலுக்கு வெளியே மரம் இருக்கிறது. மத்தியானம் அதன் நிழல் மேசைக்கு வருகிறது. கோப்புகள் பழையவை, ஆகவே எதுவும் அவசரமில்லை.

அண்ணி பேசட்டும் அண்ணா. நீங்கள் கேளுங்கள்.

தங்கை


ஜனவரி 23

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாரும் சுகம். தடியை விட்டுவிட்டேன்.

இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம் சோம்பல். இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு.

இந்த மாதம் மத்திய அரசிலிருந்து வாசிப்பு வகுப்பைப் பார்க்க வந்தார்கள். வருவதற்கு முன்பே எங்கள் மாவட்ட அதிகாரி குதித்துவிட்டார். சட்டையில் ஒரு மடிப்பு இல்லாமல் வருவார் என்பதால் ஸ்டாஃப் ரூமில் அவருக்கு ‘இஸ்திரி’ என்று பெயர். ஆய்வு என்றால் இங்கே வழக்கம் உனக்குத் தெரியும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் முன்வரிசைக்கு வருவார்கள், மற்றவர்கள் பின்னால் போவார்கள். நம் பள்ளி நாளிலும் அப்படித்தான். இஸ்திரிக்கும் வேறு எதுவும் தெரியாது. நன்றாகச் செய்து காட்டினால் பணம் கூடும் என்று நினைத்தார்.

“அங்க உக்கார வேண்டியது படிக்கத் தெரியாத பிள்ளைங்க சார்” என்று மேடம் சொல்லிப் பார்த்தார்.

“படிக்கத் தெரியாததைக் காட்டவா அவங்களை அவ்வளவு தூரத்துலேருந்து வரவழைக்கிறீங்க? என் மானம் என்னாகுறது?”

ஆய்வு அன்று மேடத்துக்கு வேறு ஊரில் கூட்டம் என்று உத்தரவு வந்தது. மூத்தவன் என்பதால் பொறுப்பு எனக்கு. காலையிலேயே இஸ்திரி வந்தார். நேராக என் வகுப்புக்குள் நுழைந்து, “நீ, நீ, அந்த ரெட்டை ஜடை” என்று ஐந்து பேரை விரலால் பொறுக்கினார். எல்லாம் முதல் மதிப்பெண் பிள்ளைகள். அந்தக் குட்டை நாற்காலியில் அவர்களை உட்கார வைத்தார். கடைசி பெஞ்சுக்காரியும் மற்ற நாலு பேரும் வராந்தாவில் நின்றார்கள். வாசிப்பு டீச்சர் என்னைப் பார்த்தார். நான் என் வகுப்புக்குத் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தேன்.

ஐந்தும் தண்ணீர்பட்ட பாடாக வாசித்தன. வந்திருந்த அதிகாரி அம்மாள் குறித்துக்கொண்டார். வயதானவர், இருமிக்கொண்டே இருந்தார். பிறகு இஸ்திரி போன் பேச வெளியே போனார். டீ கொடுக்கப் போன நானும் அந்த அம்மாளும் மட்டும் இருந்தோம். சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். அதற்குள் அவரே பேசினார்.

“உங்க மாநிலம் எனக்குப் புதுசு சார். செப்டம்பர்லதான் என் கைக்கு வந்தது. முன்னாடி பாத்தவங்களோட அண்ணன் இந்த மாநிலத்துல வாத்தியாராம். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தைப் பத்தி எழுதிட்டாராம். அதுக்காக இந்தம்மா நானே விலகிக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பிரமோஷன் வர்ற நேரம். வேண்டாம்னு எல்லாரும் சொன்னோம், கேக்கல. நல்ல பொம்பள.”

டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். நான் யார் என்று சொல்லவில்லை. வேறு எதையும் சொல்லவில்லை. சொன்னால் உன் பெயர்தானே மறுபடி நடுவில் வரும்?

உன் முட்டி எப்படி இருக்கிறது?

உன் அண்ணன்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே குளிர் குறைந்துவிட்டது. நாங்கள் நலம். நீங்கள் தடியை விட்டது எனக்கு நிம்மதி.

லிஃப்ட் சரியாகிவிட்டது. ஆனாலும் இந்த மரம் பழகிவிட்டது, இங்கேயே இருக்கிறேன்.

ஆய்வுக்கு வெளியூர் போகிற இடத்தில் மனிதர்கள் எதையாவது பேசுவார்கள். உங்கள் போன கடிதத்தில் பள்ளியைப் பற்றி இருந்த பகுதியை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை என்னிடம் கேட்காதீர்கள்.

அண்ணிக்கு ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறேன்.

தங்கை


மார்ச் 20

அன்புள்ள தங்கைக்கு,

உன்னிடம் எதையும் கேட்டு இதை எழுதவில்லை. அண்ணனுக்குச் சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உத்தரவு வந்துவிட்டது. ‘பிள்ளைகள் சரளமாக வாசிக்கிறார்கள். இங்கே தேவை முடிந்தது.’ இந்தக் கல்வியாண்டோடு வாசிப்பு வகுப்பு நிற்கிறது. பணம் இதைவிடத் தேவையுள்ள வேறு பள்ளிக்குப் போகிறது. அந்த அம்மாள் செய்ததில் தப்பில்லை. கண்ணால் பார்த்ததைத்தானே எழுத முடியும்? இஸ்திரிக்குத்தான் முகம் வெளுத்துவிட்டது.

மேடம் ஆய்வுக்கு மறுநாளே விஷயம் தெரிந்துகொண்டார். கடைசி பெஞ்சுக்காரி போய், “மிஸ், நேத்து எங்க சீட்ல வேற ஆளுங்க உக்காந்தாங்க” என்று சொல்லியிருக்கிறாள். யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, என்னையும்தான். நடந்ததை அப்படியே எழுதி மத்திய அரசுக்கு அனுப்பினார். ஆனால் மாநில ஊழியர் அங்கே நேராக எழுதக் கூடாது. ‘உரிய வழியாக’ என்று மேலே எழுதி, மாவட்ட அதிகாரி மூலம்தான் போக வேண்டும். இஸ்திரியிடம் போனது. அங்கேயே இருக்கிறது. போன வாரம் வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன், பேப்பர் வெயிட்டுக்கு அடியில், மேடத்தின் கையெழுத்து தெரிய. அனுப்பினால் இஸ்திரியின் வேலை போகும். அனுப்பாவிட்டால் வகுப்புதானே போகும்.

இப்போது பள்ளி விட்டதும் மேடம் அந்த அறையில் உட்கார்ந்து வாசிப்பு டீச்சரிடம் பாடம் கேட்கிறார். எழுத்தைக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு எங்கே தொடங்குவது, எந்தப் பிள்ளையிடம் விரலை எப்போது எடுக்கச் சொல்வது என்று எல்லாம். பந்தியில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகும் முன் குழம்பு ஊற்றி வைத்துக்கொள்கிற மாதிரி. “அடுத்த வருஷம் சாப்பாட்டு நேரத்துல நானே எடுத்துக்கிறேன்” என்கிறார். அந்தக் குட்டை நாற்காலியில் அவர் முட்டியும் தாடைக்கு வருகிறது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

எனக்கு யாரையும் பாராட்டிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும்.

அண்ணி சால்வைக்குக் காத்திருக்கிறாள்.

உன் அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

சால்வையைத் தபாலில் சேர்த்துவிட்டேன். நிறம் பிடிக்காவிட்டால் அண்ணி என்னைத் திட்டட்டும், உங்களை வேண்டாம்.

நாங்கள் நலம். மரம் பூத்திருக்கிறது.

உங்கள் மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

தங்கை


ஏப்ரல் 9

ஜனவரியில் எங்கள் பள்ளியின் வாசிப்பு வகுப்பைப் பார்க்க வந்த அதிகாரி அம்மாவுக்கு,

வணக்கம். அன்று இருமிக்கொண்டிருந்தீர்கள். இப்போது தேவலை என்று நம்புகிறேன்.

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையில் அன்று உங்களுக்கு வாசித்துக் காட்டிய ஐந்து பிள்ளைகளும் அந்த அறைக்கு உரியவர்கள் இல்லை. உரியவர்கள் வராந்தாவில் நின்றார்கள். நீங்கள் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போனீர்கள். தலைமையாசிரியை அன்று ஊரில் இல்லை, இருக்க விடவில்லை. இதில் அவருக்குப் பங்கில்லை. நடந்ததை அவர் உங்களுக்கு எழுதிவிட்டார். அந்தக் கடிதம் மாவட்ட அலுவலகத்தில் கிடக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் வார்த்தையை நம்ப வேண்டாம். சொல்லாமல் ஒரு நாள் வாருங்கள். வாசிக்கும்போது பிள்ளைகளின் விரலைப் பாருங்கள். அன்று நீங்கள் பார்த்தவர்கள் விரல் பக்கம் புரட்டக் காத்திருந்தது. இவர்கள் விரல் ஒரு வார்த்தையைவிட்டு நகராது. ஆனால் போன வருடம் நகராத இடத்தில் இந்த வருடம் நகர்கிறது. நாலு வரிக் கணக்கை ஒரு பெண் போன வாரம் தானே வாசித்து, தானே போட்டாள். அவளுக்கு இன்னும் ஒரு வருடம் வேண்டும். நீங்கள் அனுப்புவது எங்கள் செலவில் சின்னப் பங்கு என்கிறார்கள். அந்தச் சின்னப் பங்கு இந்தப் பள்ளியில் எதைச் செய்தது என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

தலைமையாசிரியையைப் பற்றி: அவரைப் பிடிக்காதவர்கள் இங்கே உண்டு. அவர்களில் ஒருவனான நான்தான் இதை எழுதுகிறேன். ஆகவே இதைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளாமல் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லாமல் பள்ளி திண்டாடிய நாளில்கூட உங்கள் பணத்தில் வந்த ஆசிரியையை ஒரு பீரியட்டுக்கும் அவர் வேறு வேலைக்கு அனுப்பவில்லை. தனக்குத் தெரியாத பாடத்தைத் தானே போய் எடுத்தார். இப்படி ஒருவர் கையில் பணம் போய்ச் சேர்ந்தது உங்களுக்கு அதிர்ஷ்டம். அவர் கீழே வேலை பார்ப்பது பெருமை என்று எழுத எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

பெயர் போட்டால் இந்தக் கடிதமும் உரிய வழியாகத்தான் வர வேண்டும். அவர் கடிதத்துக்குப் பக்கத்தில் அதே பேப்பர் வெயிட்டுக்கு அடியில் போய்ப் படுக்கும். பெயர் போட்டால் இன்னொருவருக்கும் தொல்லை வரும். அவர் எனக்காக ஏற்கெனவே ஒருமுறை இறங்கிவிட்டார். உங்கள் பணத்தைக் கட்டியவர்களும் எங்கெங்கோ இருக்கிறவர்கள். வரியோடு யாரும் தன் பெயரைச் சேர்த்து அனுப்பவில்லை, அந்தப் பெண்ணுக்கும் யார் கொடுத்தது என்று தெரியாது.

இருபத்தெட்டு வருடம் மதிப்பெண் அட்டைகளில் கையெழுத்துப் போட்ட கை இது. தாளின் அடியில் வெற்றிடம் பார்த்தால் தானாகப் போகிறது. பேனாவை மூடிவிட்டேன். கையெழுத்தில்லாமல் இதை இப்படியே ஒட்டி, மத்தியானத் தபால் எடுப்பதற்குள் பெட்டியில் போடப் போகிறேன்.